தங்கை வீட்டுக்கு மணம் கூட்டிய ஏப்ரல்

2004 ஏப்ரல் 17, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பிக் குளித்தேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் தேநீர் போட்டேன். வேலைச் சட்டைகளை இயந்திரத்தில் தோய்க்கப் போட்டு, அவை சுழலும் நேரத்தில் குசினித் தரையைத் துடைத்தேன். எட்டு மணிக்கு அவற்றைக் கொடியில் விரித்தேன். வெயில் இருந்தது, ஆனாலும் ஈரத் துணியைப் பிடித்த விரல்கள் விறைத்தன. இந்த வருட இலையுதிர்காலம் இன்று தொடங்கியது என்று நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு ஒரு துணிப்பைக்குள் நான்கு வாசனை மெழுகுதிரிகளையும் சின்னக் கத்தரிக்கோலையும் நீளத் தீக்குச்சிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தேன்.

தங்கையின் வீடு கிரவீனில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. எண்பத்தைந்தில் சிட்னிக்கு முதலில் வந்தவள் நான். அவளையும் அவள் கணவரையும் பத்து வயது மகளையும் நான்கு வருடம் கழித்து இங்கே எடுப்பித்தேன். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருந்துகொண்டு நடந்தே வேலைக்குப் போய்வந்தேன். அங்கேயே இருந்திருப்பேன். தங்கைதான் விடவில்லை.

"வயசுபோகேக்க ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டாக் கேக்கிற தூரத்தில இருக்கவேணும் அக்கா," என்று ஒரு வருடமாகச் சொன்னாள். தொண்ணூற்றெட்டில் இந்தச் சின்ன வீட்டைக் கண்டுபிடித்ததும் அவள்தான். சாவி கிடைத்த நாளன்று குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சட்டமும் போட்டாள்.

"உள்ளுக்க மட்டும் மீன் பொரிச்சுப் போடாதேங்கோ. மணம் சுவருக்குள்ள இறங்கினா பிறகு விக்கேலாது."

"விக்கிறதோ? ஆர் விக்கப்போறது? என்னை இங்கயிருந்து தூக்கிக்கொண்டுதான் போகவேணும்."

"தூக்கவும் நான்தானே வரவேணும்!" என்று சிரித்தாள்.

அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் இருப்பது போல என் கராஜிலும் ஒரு காஸ் அடுப்பு இருந்தது. மீன், கருவாடு, தாளிதம், மிளகாய்ப் பொரியல் எல்லாம் அங்கேதான். ஜூலை மாதக் குளிரில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி மீன் பொரிப்பேன். வேலைக்குப் போடும் கோட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வெங்காயமே வெட்டுவேன்.

என் வேலை அப்படி. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கிப் பொதிசெய்யும் பிரிவு. வாசனை பூசிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. நாள் முழுவதும் நீராவியும் கழுவும் மருந்தும்தான். வெளியே வந்தால் மூக்கு பசித்த பிள்ளை போல எதையாவது தேடும். ஒரு கிறிஸ்மஸுக்கு வேலையிடத்தில் பெயர் எழுதிய சீட்டை இழுத்துப் பரிசு மாற்றிக்கொண்டபோது எனக்கு ஒரு வனிலா மெழுகுதிரி கிடைத்தது. கரண்ட் போனால் கொளுத்தலாம் என்று லாச்சிக்குள் போட்டேன். கரண்ட் போகவில்லை. ஒரு மழை நாளில் சும்மா கொளுத்திப் பார்த்தேன். என் வீடு அதுவரை எதுவுமாகவும் மணக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நானாகவே பழகிக்கொண்டேன். புதுத் திரியை நெல்மணி அளவுக்கு வெட்டாமல் கொளுத்தினால் புகைந்து சுவரைக் கறுப்பாக்கும். முதல் தடவை கொளுத்தும்போது உருகிய மெழுகு கண்ணாடியின் ஓரத்தைத் தொடும்வரை அணைக்கக் கூடாது, அணைத்தால் அடுத்த தடவையிலிருந்து நடுவில் குழி விழுந்து சுற்றிவர மெழுகு வீணாக நிற்கும். ஒரே அறையில் இரண்டுக்கு மேல் கூட்டக் கூடாது. இரண்டிலும் ஒன்று அடியில் கனமாக நிற்க வேண்டும், மற்றது அதன் மேல் நடக்க வேண்டும். இரண்டும் இனிப்பாக இருந்தால் தலையிடி வரும். கறி கூட்டுவது போலத்தான்: எது முதலில் நாக்கில் படுகிறது, எது விழுங்கிய பிறகும் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

இலையுதிர்காலத்துக்கு என்று இங்கே கடைகளில் விற்கும் மெழுகுதிரிகள் அநேகமாக வேறு கண்டத்துக்குச் செய்தவை. லேபலில் பூசணிக்காய் இருக்கும். எங்கள் தெருக்களில் யூகலிப்டஸ் மரங்கள் எந்தக் காலத்திலும் பச்சையாகவே நிற்கும். தங்கை வீட்டுக்குப் பின்தெருவில் ஒரேயொரு லிக்விடம்பர் மரம் மட்டும் ஏப்ரலில் சிவந்து இலை கொட்டும். கோடைக்கு யன்னல்களைத் திறந்து வைத்த வீடு அந்த மாதத்தில்தான் மூடப்படும். மூடிய வீட்டுக்குள் மணம் தங்கும். அதனால் எனக்கு ஏப்ரல் பிடிக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை தங்கை கேட்டாள்.

"அக்கா, எங்கட வீட்டுக்கும் உங்கட வீடு மாதிரி ஒரு மணம் செய்து தாங்கோவன். இவர்ட ஒஃபீஸ் ஆக்கள் ஏப்ரல் பதினேழு பகல் வரப்போகினம். வெள்ளைக்காரர்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் மெழுகுதிரிகளை "அக்காட விசர்" என்று அதுவரை பகிடி பண்ணியவள் அவள். மூன்று சனிக்கிழமைகள் அவளுடைய வீட்டில் ஒவ்வொன்றாகக் கொளுத்திப் பார்த்தோம். முதலில் கறுவாப்பட்டை. கொளுத்திக் கொஞ்ச நேரத்தில் அவள் கணவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்ன மச்சாள், புரியாணியோ?" என்று குசினிக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் வீடுகளில் கறுவா ஒருநாளும் மெழுகுதிரியாக மணக்காது, சாப்பாடாகத்தான் மணக்கும். அடுத்தது சந்தனம்.

"இது வேண்டாம் அக்கா. கோயில் மாதிரி இருக்கு."

"கோயில் மாதிரி இருந்தா என்ன?"

"வாறவைக்குப் பொதுவா இருக்கவேணும்."

பொதுவாக என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. என்ன சமைக்கப் போகிறாய் என்று கேட்டேன். "சமைக்கேல்லை, வெளியில எடுக்கிறம்," என்றாள். அதற்குப் பிறகும் நான் ஒன்றும் கேட்கவில்லை. வனிலாவைத் தனியாக வைத்தால் கேக் கடை, தேவதாருவைத் தனியாக வைத்தால் தச்சுப்பட்டறை. இரண்டையும் கூட்டி, வனிலாவை யன்னலோரமாகத் தள்ளி வைத்தபோது அவளுடைய முன்னறை சட்டென்று வேறு ஒன்றாகிவிட்டது. குளிருக்குள்ளிருந்து வந்து கோட்டைக் கழற்றிக் கதிரையில் போடத் தோன்றும் அறை. இருவரும் சோபாவில் இருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். முன்கதவிலிருந்து உள்ளே போகும் நடைபாதைக்கு ஆரஞ்சும் கராம்பும் சேர்ந்தது ஒன்று, குளியலறைக்கு லவெண்டர். குசினிக்கு ஒன்றும் கிடையாது. பழைய எண்ணெய் மணத்தின் மேல் வாசனை விழுந்தால் இரண்டும் சேர்ந்து வீட்டைக் காட்டிக் கொடுக்கும். அங்கே நான் அலுமாரிக் கதவுகளைச் சோடாத்தூள் போட்டுத் துடைத்தேன். வெளியேற்று விசிறியின் வலையைக் கழற்றி ஊறவைத்துத் தேய்த்தேன். திரைச்சீலைகளை என் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தோய்த்தேன். அவற்றில் ஊறியிருந்த பதினொரு வருடத் தாளிதம் இரண்டு தண்ணீரில் போகவில்லை.

அந்தப் பதினேழாம் தேதி காலை நான் போனபோது தங்கை வாசலிலேயே நின்றாள். முன்னறை மிகவும் ஒழுங்காக இருந்தது. நான்கையும் வைத்து மூன்றைக் கொளுத்தினேன். குளியலறை லவெண்டர் புதியது. அதன் திரியை வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கும்போதே அவள் அவசரப்படுத்தியதால் வெட்டாமலே கொளுத்தினேன்.

"காணும் அக்கா, காணும். நீங்கள் போங்கோ, எனக்கு இன்னும் குளிக்கவேணும்."

"பத்தரைக்கு எல்லாத்தையும் அணை. நடைபாதையில இருக்கிறதை மட்டும் விடு."

"ஓம் ஓம். போட்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்து துணிகளைத் திருப்பிப் போட்டேன். பெண்டில் ஹில்லுக்கு மரக்கறி வாங்கப் போகப் பையை எடுத்தபோதுதான் கத்தரிக்கோல் கையில் பட்டது. திரி வெட்டவில்லை. அவள் அணைக்க மறந்திருந்தால் குளியலறைச் சுவரில் கரி ஏறும், வருகிறவர்கள் பார்ப்பார்கள். பின்பக்கத்தால் போய் வெட்டிவிட்டு வந்துவிடலாம் என்று திரும்ப நடந்தேன். அப்போது பதினொரு மணி.

தெரு முனையில் புல்லின் மேல் ஒரு முக்கோணப் பலகை நின்றது. வீடு பார்வைக்குத் திறந்திருக்கிறது என்று எழுதி ஓர் அம்புக்குறி. இந்தத் தெருவில் யார் விற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு அம்பு காட்டிய பக்கம் நடந்தேன். இரண்டாவது பலகை தங்கையின் கார்ப்பாதையில் நின்றது.

வழி தவறிப்போய் அங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முன்கதவு விரியத் திறந்திருப்பதையும் முன்பின் தெரியாத மனிதர்கள் உள்ளே போவதையும் பார்த்தேன். சப்பாத்தோடு போனார்கள். அந்த வீட்டுக் கம்பளத்தில் சப்பாத்தோடு யாரும் நடந்ததில்லை. குழாய் திருத்த வந்தவனைக்கூடத் தங்கை கழற்ற வைத்திருக்கிறாள்.

வாசலில் நின்ற விற்பனை முகவர் இளைஞன். நான் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து, அதெல்லாம் தேவையில்லை, அப்படியே வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பெயரும் டெலிபோன் நம்பரும் கேட்டான்.

"நான் பக்கத்தில் இருக்கிறவள்," என்றேன்.

"நல்லது, நல்லது. அயலில் இருப்பவர்களுக்கு விலை அறிய ஆசை இருக்கும்தானே," என்று கண்ணைச் சிமிட்டினான்.

செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே போனேன். நடைபாதையில் ஆரஞ்சும் கராம்பும் நான் நினைத்த அளவிலேயே எரிந்துகொண்டிருந்தது. சுவரில் அம்மா அப்பாவின் படம் தொங்கிய ஆணியில் இப்போது ஒரு கடற்கரைப் படம் தொங்கியது. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார இளம் சோடி, அந்தப் பெண் மூச்சை இழுத்து, "வீட்டுக்கு வந்தது மாதிரி இருக்கிறது, இல்லையா?" என்றாள். மூன்று சனிக்கிழமைகளாக நான் தேடிய வார்த்தை அதுதான். அதை அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

குளியலறைக்குப் போனேன். லவெண்டர் புகைந்துகொண்டிருந்தது. ஊதி அணைத்துத் திரியை வெட்டினேன், கண்ணாடியில் படிந்த கரியைக் கைக்குட்டையால் துடைத்தேன், திரும்பக் கொளுத்தினேன். ஏன் திரும்பக் கொளுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கை தன் வேலையைச் செய்து முடித்தது.

வெளியே வரும்போது சாமி அறையிலிருந்து தமிழ்க் குரல்கள் கேட்டன. ஒரு கணவனும் மனைவியும், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சாமி அறையில் சாமிகள் இல்லை. ஒரு மேசையும் விளக்கும் போட்டுப் படிக்கும் அறையாக்கியிருந்தார்கள்.

"ஏங்க, இது நம்ம ஆளுங்க வீடுதான்."

"எப்படிச் சொல்ற?"

"மேல் தட்டுல விபூதி இருக்கு பாருங்க. இவ்வளவு மெழுகுவர்த்தியும் சும்மாவா ஏத்துவாங்க? எதையோ மறைக்கிறாங்க."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நல்லா வாசனையாத்தானே இருக்கு!"

"அதான் சொல்றேன். நம்ம வீடு எப்பங்க இப்படி வாசனையா இருந்திருக்கு?"

திரும்பியவள் என்னைக் கண்டு கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தாள். "நீங்களும் வீடு பாக்க வந்தீங்களா, அக்கா?"

"ஓம்," என்றேன். "பாக்கத்தான் வந்தனான்."

விற்கிறவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பின்தெருவுக்குப் போனேன். சிவந்த லிக்விடம்பர் மரத்தின் கீழ் அவர்களுடைய கார் நின்றது. தங்கையும் கணவரும் முன் ஆசனங்களில் இருந்து, மடியில் கடதாசிப் பையை விரித்து மீன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மணம் வராமல் இருக்கக் காருக்குள் சாப்பிடுகிறார்கள்.

என்னைக் கண்டதும் தங்கை கையிலிருந்த பாதி ரோல்ஸைப் பைக்குள் திரும்ப வைத்தாள். அவள் கணவர் கண்ணாடியை இறக்கினார்.

"மச்சாள், ஏறுங்கோ. குளிருக்க நிக்காதேங்கோ."

"ஒஃபீஸ் ஆக்கள் வந்திட்டினம்," என்றேன். "சப்பாத்தோட நிக்கினம்."

"அக்கா," என்றாள் தங்கை.

"எப்ப முடிவெடுத்தனீங்கள்?"

"பொங்கலோட," என்றார் அவர். தங்கை அவருடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பொங்கலன்று அந்த வீட்டின் பின்வளவில் பானையைக் கிண்டியவள் நான். பால் பொங்கியபோது இருவரும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"மகளுக்கு ஓகஸ்டில குழந்தை பிறக்கப்போகுது," என்றாள் தங்கை. மகள் கல்யாணம் முடித்து மெல்பேர்ணில் இருந்தாள்.

"அது எனக்குத் தெரியும். போய் ரெண்டு மாசம் நிண்டிட்டு வருவன் எண்டுதானே சொன்னனீ?"

"ரெண்டு மாசம் காணாது அக்கா. அவள் வேலைக்குப் போகவேணும். அங்க ஒரு வீடு பாத்திட்டம். அவளின்ர வீட்டிலயிருந்து மூண்டாவது. கூப்பிட்டாக் கேக்கிற தூரம்."

என்னிடம் ஒரு வருடம் சொன்ன அதே வார்த்தைகள் என்று அவளுக்கு நினைவில்லை. முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே நினைவில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அழுவியள். நானும் அழுவன். பிறகு வீடு ஆர் பாக்கிறது?"

நிலைமையை இலகுவாக்க நினைத்து அவள் கணவர் உற்சாகமாகச் சொன்னார்: "ஏஜன்ட் ஒரு ஆளை அனுப்பி வீட்டைச் சோடிச்சுத் தாறன் எண்டவன் மச்சாள். இவதான் மறிச்சவ. என்ர அக்காட மூக்குக்குக் கிட்ட ஒருத்தரும் வரேலாது எண்டு." அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

தங்கை கண்ணைத் துடைத்தாள். விரலில் இருந்த ரோல்ஸ் எண்ணெய் கண்ணில் பட்டு இன்னும் கொஞ்சம் நீர் வந்தது. "நீங்களும் வாங்கோவன் அக்கா. வித்திட்டு வாங்கோ. உங்கட வீடு கெதியாப் போகும். உள்ளுக்க ஒரு மணமும் இல்லை."

"எனக்கு வேலை இருக்கு."

"அங்கயும் ஆஸ்பத்திரி இருக்குத்தானே?"

 ஓர் இலை காரின் கூரையில் விழுந்தது. அவளுக்கு ஏதாவது பேச வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். மௌனத்தைத் தாங்கத் தெரியாதவள், சின்ன வயதிலிருந்தே.

"அடுத்த சனியும் திறக்கினம் அக்கா. அந்த ஒரேஞ்ச் மெழுகுதிரி பாதிக்குக் கீழ போட்டுது. இன்னொண்டு இருக்கோ உங்களிட்ட?"

"பாப்பம்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் கார்க் கதவு திறந்தது. அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கதவு திரும்பச் சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன். காய்ந்த சட்டைகளை எடுத்து மடித்தேன். சனிக்கிழமை மாலையில் எப்போதும் முன்னறையில் இரண்டைக் கொளுத்தி அவற்றுக்கிடையில் இருந்து வாசிப்பேன். அன்று கொளுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் போவது ஒரு வலி. ஆனால் மகளிடம் போகிற தாயை யார் மறிக்க முடியும்? சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதுவிட்டுத் திரைச்சீலைகளையும் தோய்த்துக் கொடுத்திருப்பேன். அது எனக்கு நிச்சயம். அவள் என் அழுகையை நம்பினாள், அதற்குப் பிறகு வருவதை நம்பவில்லை. சோபாவில் இருந்து இருவரும் பார்த்துச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பிலும் அவளுக்கு விற்கிற வீடு தெரிந்திருக்கிறது. அக்காவும் தங்கையும் கழிக்கப்போகிற ஒரு குளிர்காலத்தை நான் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் எங்களை அந்த வீட்டிலிருந்து கழுவி எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொங்கல் புகையும் தாளிதமும் சந்தனமும் ஒவ்வொன்றாக என் கையாலேயே போயின. நான் கெட்டித்தனமாகச் செய்தேன், அதுதான் ஆறவில்லை.

அலுமாரியில் புது ஆரஞ்சு மெழுகுதிரி ஒன்று இருந்தது. அதை எடுத்து, திரியைச் சரியான அளவுக்கு வெட்டி, துணிப்பையில் போட்டு வாசற்கதவுப் பிடியில் மாட்டினேன். அவள் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். நான் கொண்டுபோய்க் கொடுப்பதாக இல்லை. பிறகு என் வீட்டைச் சுற்றி நடந்தேன். ஆறு வருடம் கழித்தும் புது வீடு போலச் சுத்தமாக இருந்தது. உங்கட வீடு கெதியாப் போகும் என்றாள். அவள் சொன்னது சரி. ஆறு வருடமாக நான் ஒரு விற்பனைக்கான வீட்டில் குடியிருந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழும்பியதும் குளிக்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. கராஜுக்குப் போய் நெத்தலிக் கருவாட்டுப் போத்தலையும் தாச்சியையும் எடுத்து வந்து குசினி அடுப்பில் எண்ணெயைக் காயவைத்தேன். யன்னல்களைத் திறக்கவில்லை. கோட்டு கதிரையில் கிடந்தது, அதையும் எடுத்து வைக்கவில்லை. கருவாடு பொரிந்து மணம் முன்னறைக்குப் போய், சோபாவுக்குப் போய், திரைச்சீலைகளில் ஏறும்வரை அடுப்படியில் நின்றேன். அதற்குப் பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.